காலை ஆறு மணிக்கு அளந்தது

மே 26, ஞாயிறு

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல? பேசிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று தேரடிக்குப் பக்கத்தில் எங்கள் அறிவியல் மன்றத்தின் கூட்டம். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருவது, தேங்காய் தானாகத் தீப்பிடிப்பது, நாக்கில் கற்பூரம் ஏற்றுவது என்று இருபத்திரண்டு வருடமாக நான் செய்துவரும் அதே 'அற்புதங்கள்'. செய்து காட்டிவிட்டு, அதன் ரகசியத்தையும் நானே உடைப்பேன். கற்பூரம் மட்டும் எப்போதும் என் வீட்டுக்காரர் நாக்கில்தான். முப்பது வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். ரிட்டயரான பிறகும் விசிலை விடவில்லை. மேடையில் ஏறி ஒரு ஊது ஊதி, "உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க" என்று ஆரம்பித்தாரானால் டீக்கடையில் நிற்பவன்கூட வந்துவிடுவான்.

எல்லாம் முடிகிற நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், இதெல்லாஞ் சரி. காளிதாஸ் வைத்தியர் பொடியச் சாப்பிட்டு எங்க வீட்டுக்காரருக்கு முந்நூறு இருந்த சக்கரை நூத்தி இருவதுக்கு வந்துருச்சு. அது எப்பிடி?" வைத்தியரே கூட்டத்தில் நின்றிருந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே மூலிகைக் கடை வைத்திருப்பவர். கைகட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

"ஒரு மாசம் சோதிச்சுப் பாக்குறேன். வேலை செய்யலேன்னா அந்தப் பொடி உங்க கடையில இருக்கக் கூடாது. வேலை செஞ்சா, இதே கையால எழுதிக் குடுக்குறேன், போதுமா?" என்றேன். கைதட்டினார்கள். யாரை வைத்துச் சோதிப்பீர்கள் என்று ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் விசில் சத்தம்.

"இந்தா ஒரு டிக்கெட்டு! பதிமூணு வருசச் சக்கரை!"

வீட்டுக்கு வந்து பிடிபிடியென்று பிடித்தேன். "ஒங்கள யாரு கேட்டா?" என்றால், "கற்பூரத்துக்கு மட்டும் எம் நாக்கு, பொடிக்கு வேற ஆளாக்கும்?" என்கிறார். இவரோடு பேசி ஜெயிக்க முடியாது.

மே 30, வியாழன்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். ஒவ்வொரு கூட்டத்தையும் நான் முடிக்கிற வாக்கியம் இது. ஆகவே விசாரணையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஏற்பாடு இது. வைத்தியரின் பொடியை வெற்று கேப்சூல் கூடுகளில் அடைப்பது. வெந்தயம், வேப்பிலை, நாவல்கொட்டை அரைத்து, பார்வைக்கு அதேபோல் இன்னொரு பொடி. அதையும் அடைப்பது. நான்கு வாரம். எந்த வாரம் எந்தப் பொடி என்று எனக்கும் தெரியக் கூடாது, இவருக்கும் தெரியக் கூடாது. மேரி ஸ்டெல்லாதான் காசைச் சுண்டிப் பார்த்து டப்பாக்களை நிரப்புவாள். அடுத்த வீட்டுக்காரி, என்னோடு இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அவள் வாயிலிருந்து ஒரு ரகசியத்தைப் பிடுங்க முடியாது. விடையைக் கவரில் போட்டு ஒட்டிவிடுவாள். தினமும் காலை ஆறு மணி, வெறும் வயிறு, இடது மோதிர விரல், ஒரே கருவி. ஒரு நாளைக்கு ஒரு குத்து.

டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். போன வருடம் கிட்னி வேறு லேசாகக் காட்டியது. பொடியை நம்பி மாத்திரையை விட்டவர்கள் கதையெல்லாம் நான் பார்த்தவள்.

ஸ்டெல்லா, "தமயந்தி, அந்தப் பொடியில என்ன இருக்குன்னு மொதல்ல பாக்க வேணாமா?" என்று கேட்டாள். பொடி பலிக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, அதைக் குழப்பாதே என்றேன். பலிக்காத பொடியில் என்ன இருந்தால் என்ன?

ஜூன் 3, திங்கள்

ஆரம்பம். 168. விரலைக் குத்தும்போது குழந்தை மாதிரி முகத்தைச் சுளிக்கிறார். மிக்சி ஜார் வெந்தய வாசனை போகவே மாட்டேன் என்கிறது. இட்லிப் பொடியும் கசக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

முதல் வாரம் முழுக்க 164க்கும் 172க்கும் நடுவில். ஒரு மாற்றமும் இல்லை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

117. கருவியில் பேட்டரி சரியில்லையோ என்று மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 115.

துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் நான்கு கடலை மிட்டாய்த் தாள். நான்கு! "பதினோரு மணியானா கை லேசா நடுங்குது டீச்சரம்மா, ஒரு மிட்டாயப் போட்டா நிக்குது" என்கிறார். முப்பது வருடம் பஸ்ஸில் நின்றவருக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்? தின்பதற்கு ஒரு சாக்கு. மனிதர் மிட்டாய் தின்றே 117 என்றால் இது இரண்டாவது வாரத்து டப்பாவின் வேலையா, வேறெதுவுமா? சோதனையைக் கெடுக்கிறீர்களே என்று சண்டை போட்டேன்.

ஜூன் 19, புதன்

94.

காய்கறிக்காரம்மா வாசலில் வந்து சொல்லிச் சிரித்தாள். காலையில் இவர் வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம், "எங்க எறங்கணும்?" என்று கேட்டாராம். அப்புறம் தானே தலையில் அடித்துக்கொண்டாராம். நானும் சிரித்தேன். வேலையை விட்டு எட்டு வருடமாகியும் இவர் பஸ்ஸிலிருந்து இறங்கியபாடில்லை.

ஜூன் 23, ஞாயிறு

89. இந்த வயதில் என் சர்க்கரையே 102. இவர் என்னைப் பார்த்து விசில் ஊதுகிறார்.

ஜூன் 30, ஞாயிறு

நான்காவது வாரம் எல்லாம் பழையபடி. 131, 150, 158, 166, 169, 165, 170. இந்த வாரம் மனிதர் சாதுவாக இருந்தார். எரிந்து விழவில்லை, மிட்டாய்த் தாளும் இல்லை. ஒட்டடைகூட அடித்துக் கொடுத்தார்.

நாளை கவரைப் பிரிக்கிறோம்.

ஜூலை 1, திங்கள்

தோற்றுவிட்டேன்.

இரண்டும் மூன்றும்தான் வைத்தியரின் பொடி. ஒன்றும் நான்கும் என் வெந்தயம். ஸ்டெல்லா கவரைக் கிழித்து வாசித்தாள். இவர்தான் முதலில், "ஏ டீச்சரம்மா, மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க? புருசனுக்குச் சக்கரை கொறஞ்சா பொண்டாட்டி சந்தோசப்படணும்" என்றார்.

சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சில் முள் மாதிரி ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் ஊரைப் பார்த்து, ஆதாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போங்கள் என்றேன். இப்போது ஆதாரம் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் போகாவிட்டால் எனக்கும் சாமியாருக்கும் என்ன வித்தியாசம்?

ஜூலை 3, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். "நான்கு வாரம் முறைப்படி சோதித்ததில் இந்தப் பொடி ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டேன்." ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வைத்தியர் இரண்டு கையாலும் வாங்கினார். "டீச்சர், ஊர்ல ஒங்கள மாதிரி நேர்மையான ஆளு கெடையாது" என்றார். என்ன மூலிகை என்று கேட்டேன். நெல்லி, ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், இவை அவர் அரைப்பது. மேல்மருந்து என்று ஒன்று வெளியூர் மொத்த வியாபாரி பொட்டலமாக அனுப்புகிறானாம், அது மலைச் சரக்காம். ஒரு சிட்டிகை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மதுரையில் ஒரு ஆய்வகத்தில் என் பழைய மாணவி பூரணி இருக்கிறாள். அடுத்த மாதம் பார்க்கலாம், இப்போது மன்றத்து இதழுக்குக் கட்டுரை எழுதுகிற வேலை இருக்கிறது.

இவர் இனிமேல் தினமும் இரண்டு வேளை பொடி சாப்பிடப் போகிறாராம். நானும் சரி என்றேன். வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்தவள் வேறென்ன சொல்வாள்?

ஜூலை 12, வெள்ளி

பஸ் நிலையத்துக்கு எதிரே ஃபிளக்ஸ். ஆள் உயரத்துக்கு என் படம். 'அறிவியல் ஆசிரியை தமயந்தி, எம்.எஸ்ஸி., பி.எட்., அவர்களே சோதித்து ஒப்புக்கொண்ட சர்க்கரை நிவாரணி.' நிவாரணி என்று நான் எங்கே எழுதினேன்? போய்ச் சத்தம் போட்டேன். வைத்தியர் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் மனைவி செண்பகம் உள்ளேயிருந்து வந்து, "அக்கா, நானும் அதத்தான் சாப்பிடுதேன், நல்லாருக்கு" என்றாள். ஃபிளக்ஸ் அப்படியே இருக்கிறது.

இவர் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "எம் பொஞ்சாதி சினிமா நடிகை மாதிரி நிக்கா" என்று தம்பிக்கெல்லாம் அனுப்பியாயிற்று.

ஜூலை 16, செவ்வாய்

மறுபடியும் மிட்டாய்த் தாள். இந்த முறை ஏழு. தலையணை உறைக்குள் இரண்டு. அறுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு திருட்டுத்தனமா? உட்கார வைத்து என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். சாமி இல்லை என்கிற நான் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இவருக்கு அந்த மொழிதான் புரியும்.

"சரி டீச்சரம்மா. ஓந்தல மேல சத்தியம். இனி தொடமாட்டேன்" என்றார். டப்பாவில் இருந்த மிட்டாயெல்லாம் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

78. சத்தியத்தைக் காப்பாற்றுகிறார். ஆனால் ரொம்பச் சிடுசிடுப்பு. சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் தட்டைத் தள்ளியது இதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் கழித்து, சாப்பிட்ட பிறகு, "நானா தள்ளுனேன்?" என்று கேட்கிறார். நடிப்பு என்று நினைத்து நான் பேசவில்லை.

பனியன் எல்லாம் வேர்வை நாற்றம். இந்த வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? இன்று மூன்று பனியன் துவைத்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

71. கல்லூரிப் பையன் சர்க்கரை! கட்டுரை பாதி முடிந்தது. தலைப்பு வைத்துவிட்டேன்: 'நான் தோற்ற கதை'. நன்றாக வருகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. இவர் பெயரே மகாலிங்கம். அந்தச் சாமி இருக்கிற மலைக்குப் போக முடியாவிட்டாலும் விரதத்தை விடமாட்டார். மத்தியானம் காக்காய்க்குச் சோறு வைக்கிற வரை பச்சைத் தண்ணீர்தான். வழக்கமாகக் கிண்டல் பண்ணுவேன். இன்று, ஒரு வேளை பட்டினி கிடந்தால் சர்க்கரைக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். காலையில் அளந்தது 70. மாத்திரையும் பொடியும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு அடுப்படிக்கு வந்து நின்றார். தனக்குப் பேத்தி பிறந்ததற்கு ஸ்டெல்லா கொடுத்த பால்கோவா ஃப்ரிட்ஜில் இருக்கிறது. "ஒரு வாய் குடு தமயந்தி. உள்ளுக்குள்ள என்னமோ செய்யுது" என்றார். "விரதமாம், பால்கோவாவாம்! நல்லாருக்கே ஞாயம்! எங்கிட்ட என்ன சத்தியம் பண்ணினீங்க?" என்றேன். சிரித்தார். "மலை ஏறுன மாதிரி வேர்க்குது. செத்த படுக்கேன்" என்று போய்விட்டார்.

இப்போது பதினொன்றே கால். உள்ளே தூங்குகிறார், குறட்டை கேட்கிறது. வாழைக்காயும் அவரைக்காயும் அடுப்பில். நான் கூடத்தில் உட்கார்ந்து கட்டுரையின் கடைசிப் பகுதியை எழுதுகிறேன். இத்தனை நிம்மதியான காலை வாய்த்து ரொம்ப நாளாயிற்று. நடுவில் கொஞ்சம் இதையும் எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆஸ்பத்திரி. இன்னும் கண் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கூப்பிட்டால் கேட்குமா என்று நர்ஸிடம் கேட்டேன். கூப்பிடுங்கம்மா என்றாள். என்ன சொல்லிக் கூப்பிட? முப்பத்து நான்கு வருடமாக 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஏங்க, ஏங்க என்று ஒரு மணி நேரம் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காலை நான்கு நாற்பதுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதிப் பழகிய கை.

அன்று ஒரு மணிக்குச் சமையல் முடிந்தது. வெளியே காக்காய் கத்திக்கொண்டிருந்தது. "எந்திரிங்க, சோறு வைக்கணும்ல" என்று உலுக்கினேன். பாய் நனைந்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. நான் கத்தியதில் ஸ்டெல்லா ஓடிவந்தாள், அவள்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ்காரர் விரலில் குத்திப் பார்த்து 26 என்றார். கேட்டது தப்போ என்று மறுபடியும் கேட்டேன். 26.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். "எவ்ளோ நேரமாம்மா மயக்கம்?" என்றார். தூங்குகிறார் என்று நினைத்தேன் என்றேன். "எவ்ளோ நேரம்?" என்று மறுபடியும் கேட்டார். பத்தரையிலிருந்து என்றேன். அப்புறம் என்ன சாப்பிடுவார் என்று விசாரித்தார். பொடியைப் பற்றிச் சொன்னேன். "ஐயோ அம்மா. அந்த மாதிரிப் பொடி சிலதுல சக்கரை மாத்திரையவே அரைச்சுக் கலந்துடுறாங்க. அவரு ஏற்கனவே ஒண்ணு போடுறாரு, கிட்னியும் வீக்கு. ரெண்டு மடங்கா, மூணு மடங்கா ஏறியிருக்கும். நடுக்கம், வேர்வை, கோவம், தடுமாத்தம் எதுவும் இருந்துச்சா?"

எல்லாம் இருந்தது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க போட்டோவப் பாத்துத்தான் டீச்சர் எங்கண்ணனுக்கு அந்தப் பொடி வாங்கினேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்ல" என்றாள். நிறுத்தச் சொல்லு, இன்றைக்கே நிறுத்தச் சொல்லு என்றேன். விழித்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் காதில், "பாவம், துக்கத்துல பேசுதாக" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஸ்டெல்லா மீதியிருந்த பொடியை இவர் போன அன்றைக்கே பூரணிக்கு அனுப்பிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

பூரணி போனில் அழுகிறாள். டாக்டர் சொன்னது சரி. மூலிகைச் சத்தோடு, சர்க்கரை மாத்திரையில் இருக்கும் அதே மருந்து. ஒரு வேளைப் பொடியில் ஒரு முழு மாத்திரைக்கு மேல்.

முப்பத்தொரு வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தேன். பெயர் தெரியாத பொடி மேசைக்கு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவார்கள். பலிக்கிறதா என்று கேட்டேன். எதனால் பலிக்கிறது என்று கேட்கவில்லை. பலிக்காது என்ற திமிர். பலித்த பிறகு, தோல்வியை ஒப்புக்கொள்கிற பெருந்தன்மை. அதிலும் ஒரு திமிர்தானே? காலை ஆறு மணிக்கு அளந்தேன். பதினோரு மணிக்கு நடுங்குகிறது என்று அவர் வாயால் சொன்னார், அந்த மணிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் குத்திப் பார்த்தேனா? ஒரே நேரம், ஒரே விரல் என்று சட்டம் பேசினேன். விசாரித்தேன், தீர விசாரிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தானே அடிபட வேண்டும்?

அவருடைய மருந்து அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மிட்டாய். அதையும் சத்தியம் வாங்கிப் பிடுங்கிக்கொண்டேன். என் தலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அந்தப் பைத்தியக்கார மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று வெளியே போனேன். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்று கொழுந்தன் குறுக்கே நின்றார். "மதினி, ஊரு என்ன சொல்லும்?" என்றார். ஊர் என் படத்தைப் பார்த்துப் பொடி தின்கிறது தம்பி, தள்ளு என்றேன். கைப்பையில் சோதனைக் கருவியையும் இந்த நோட்டையும் பூரணியின் ரிப்போர்ட்டையும் போட்டுக்கொண்டேன். ஆணியில் தொங்கிய விசிலையும் எடுத்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு என் ஃபிளக்ஸின் கீழேயே நின்று ஊதினேன். எனக்கு அவர் மாதிரி ஊத வராது. பாதி காற்றாகத்தான் வந்தது. அதற்கே இருபது பேர் திரும்பினார்கள்.

"இந்தப் படத்துல இருக்குறவ நான்தான். நான் எழுதிக் குடுத்தது தப்பு. இந்தப் பொடியில இங்கிலீஷ் மாத்திர கலந்திருக்கு. எம் புருசன் இதுனாலதான் செத்தாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்." ஜூன் மாதத்திலிருந்து நம்பர்களை வாசித்தேன். அளவு குறையக் குறைய அவருக்கு என்ன நடந்தது என்று தேதியோடு வாசித்தேன். வெண்டைக்காய் வரும் இடத்தை விட்டுவிட்டு அடுத்த தேதிக்குத் தாவினேன்.

ஒரு பெரியவர், "அமாவாசையன்னிக்கு விழுந்து போற புண்ணியம் யாருக்கும்மா வரும்? அவரு நேரம் முடிஞ்சுது, பொடி என்ன பண்ணும்?" என்றார். "டீச்சருக்குப் புத்தி தடுமாறிப் போச்சு, யாராச்சும் வீட்ல கொண்டு விடுங்கப்பா" என்று இன்னொரு குரல். இருபத்திரண்டு வருடம் கைதட்டிய அதே ஊர். ஒரே ஒரு பெண், மே மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டாளே அவளேதான், "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு?" என்று பயந்த குரலில் கேட்டாள். டாக்டரிடம் ஓடு என்றேன். ஓடினாள்.

காளிதாஸ் வைத்தியர் கடையிலிருந்து இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், ஏன் இப்பிடி எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீக? வெசத்தயா விப்பேன்? எம் பொஞ்சாதிக்கே அதத்தான குடுக்கேன்!"

"செண்பகம் எங்க?"

"உள்ள இருக்கா. இந்நேரத்துக்கு அவளுக்குப் படபடன்னு வரும். பித்தம். சுக்குக் கசாயம் போட்டுக் குடுத்துருக்கேன்."

மணி பதினொன்று.

கடைக்குப் பின்னால்தான் வீடு. செண்பகம் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி நறுக்கிய பீன்ஸ். ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்தாள், யாரென்று தெரியவில்லை. "கதவத் தெறக்கச் சொல்லு, கதவத் தெறக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அரிவாள்மணையை இழுத்து அப்பால் தள்ளிவிட்டு அவள் விரலைப் பிடித்தேன். கருவியை அழுத்தியதும் பழைய கணக்கு வந்து நின்றது. ஆகஸ்ட் 4, காலை 6.00, 70. குத்தினேன்.

44.

"சீனி எங்க இருக்கு?"

வைத்தியர் குறுக்கே வந்தார். "டீச்சர்! அவளுக்குச் சீனி ஆகாது! சக்கரைக்காரி!"

"நானும் இதையேதான்யா சொன்னேன்!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவர் ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு கரண்டி. தலையை என் தோளில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். பாதி என் சேலையில் வழிந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண் தெளிந்தது. என் முகத்தைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். "அக்கா, நீங்களா? ஒங்களுக்கு இன்னும் பதினாறு முடியலேல்ல? எதுக்கு வெளிய வந்தீக?" என்றாள்.

மறுபடியும் குத்தினேன். 91. இந்த மருந்து உடம்பில் இருக்கிற வரை திரும்பவும் இறங்கும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லி, கைப்பையில் கிடந்த கடலை மிட்டாய் முழுவதையும் அவள் மடியில் கொட்டினேன். வைத்தியர் ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர் திரும்பி வந்தார். ஃபிளக்ஸின் கயிற்றை இழுத்து அறுத்தார். அது சரிந்து சாக்கடையோரம் விழுந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர். பொட்டலம் வரும், கலப்பேன். அவ்வளவுதான்" என்றார். எனக்கும் தெரியாது என்றுதான் நானும் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஆட்டோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். நோட்டில் பழைய கட்டத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன். காலை 11.05, செண்பகம், 44. காலை 11.20, 91.

ஒரு குத்து, ஒரு டம்ளர் சீனித் தண்ணீர், பதினைந்து நிமிடம். இவ்வளவுதான் வேலை. அன்றைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து நான் இரண்டரை மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.